கண் நலம் கேள்வி-பதில்: பலகையில் 6/6, பக்கத்தில் எழுத்தைக் காணோம்

கண் நரம்பைச் சிறுகச் சிறுகக் கெடுக்கும் கிளாக்கோமா நோய் உள்ளவர்களுக்கு எடுக்கும் ஃபீல்டு டெஸ்ட் (வெளிச்சப் புள்ளிகளைக் காட்டி, பார்வை எங்கெங்கே எப்படி இருக்கிறது என்று பார்க்கும் சோதனை) பற்றியும், குறிப்பாக நடுப்பார்வைப் பாதிப்பைக் கண்டுபிடிப்பது பற்றியும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு ஒரு கண் மருத்துவரும் ஒரு பார்வைப் புலப் பரிசோதகரும் சேர்ந்து பதில் தருகிறார்கள்.

நான்கு வருடமாகக் கிளாக்கோமாவுக்குச் சொட்டு மருந்து போடுகிறேன். மூன்று முறை ஃபீல்டு டெஸ்ட் எடுத்தாயிற்று, மூன்றும் நார்மல். ஆனால் வலது கண்ணால் மட்டும் படித்தால், படிக்கும் வரிக்குச் சற்று மேலே எழுத்துகள் அழிந்தாற்போல் தெரிகின்றன. ஸ்கேனில் மாக்குலாவின் (விழித்திரையின் நடுப்பகுதி) கீழ்ப்பகுதி மெலிந்திருக்கிறதாம். இப்போது ‘10-2’ எடுக்கச் சொல்கிறார் டாக்டர். எடுத்த டெஸ்ட்டையே ஏன் திரும்ப எடுக்க வேண்டும்?

இது அதே டெஸ்ட் அல்ல. இயந்திரம் ஒன்றுதான், வெளிச்சப் புள்ளிகளை வைக்கும் இடம் வேறு. நீங்கள் மூன்று முறை எடுத்தது பெரும்பாலும் ‘24-2’ ஆக இருக்கும். அறிக்கையின் மேல் வரியில் பாருங்கள், எழுதியிருக்கும்.

24-2 டெஸ்ட்டில் மொத்தம் 54 புள்ளிகள். ஒரு புள்ளிக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 6 டிகிரி. பார்வையின் மையத்திலிருந்து 24 டிகிரி வரை, மூக்குப் பக்கம் மட்டும் 30 டிகிரி வரை, பரவலாகச் சோதிக்கும். கிளாக்கோமாவின் வழக்கமான சேதங்களான மூக்குப் பக்கப் படிக்கட்டு (அந்தப் பக்கம் பார்வை படி போல் வெட்டுப்படுவது), வில் வடிவ இருட்டு ஆகியவற்றைப் பிடிக்க இது நல்ல டெஸ்ட். சிக்கல் நடுவில்தான். மையத்தைச் சுற்றி 10 டிகிரிக்குள் இந்த 54-இல் 12 புள்ளிகளே விழுகின்றன. மையத்துக்கு மிக அருகில் இருக்கும் நான்கும்கூட 4 டிகிரிக்கு மேல் தள்ளியே இருக்கின்றன.

6 டிகிரி என்றால் எவ்வளவு? இந்தப் பக்கத்தை 40 செ.மீ. தள்ளி வைத்துப் படிக்கிறீர்கள் என்றால், ஏறக்குறைய 4 செ.மீ. அகலம். ஸ்கேலை வைத்துப் பாருங்கள், அதற்குள் இரண்டு மூன்று சொற்கள் அடங்கிவிடும். காட்டப்படும் வெளிச்சப் புள்ளியின் விட்டமோ 0.43 டிகிரிதான். அதனால் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே ஒரு சொல்லையே விழுங்கும் அளவுக்கு இருட்டு இருந்தாலும், இரு பக்கப் புள்ளிகளும் ‘தெரிகிறது’ என்று பதிவாகி டெஸ்ட் நார்மல் என்று வந்துவிடலாம். டெஸ்ட் பொய் சொல்லவில்லை, அந்த இடத்தை அது கேட்கவே இல்லை.

10-2 டெஸ்ட் 68 புள்ளிகளையும் அந்த 10 டிகிரிக்குள்ளேயே, 2 டிகிரிக்கு ஒன்றாக வைக்கிறது. 40 செ.மீ. தூரத்தில் 2 டிகிரி என்பது 1.4 செ.மீ. மையத்தை ஒட்டிய நான்கு புள்ளிகள் ஒன்றரை டிகிரிக்குள் வந்துவிடுகின்றன. உங்கள் புகார் சொல்லும் இடம் அதுதான்.

ஸ்கேனும் உங்கள் புகாரும் ஒன்றோடொன்று பொருந்துவதைக் கவனியுங்கள். விழித்திரையில் பிம்பம் தலைகீழாக விழுகிறது. ஆகவே மாக்குலாவின் கீழ்ப்பகுதி கெட்டால் பார்வையில் மேல்பக்கம் மறையும். அந்தக் கீழ்ப்பகுதியிலிருந்து கிளம்பும் நரம்பு இழைகள், கண் நரம்புத் தட்டில் கிளாக்கோமா முதலில் தாக்கும் கீழ்-வெளிப் பக்கத்தில் போய்ச் சேர்கின்றன. அதனால்தான் ஆரம்பக் கட்ட நடுப்பார்வை இழப்பு பெரும்பாலும் மையத்துக்குச் சற்று மேலே, பார்வையை மேல்பாதி, கீழ்பாதி என்று பிரிக்கும் கிடைக்கோட்டைத் தாண்டாமல் வருகிறது. மையத்தைச் சுற்றிய 8 டிகிரிப் பகுதி விழித்திரையின் பரப்பில் நூற்றுக்கு இரண்டு பங்குகூட இல்லை. ஆனால் பார்வைச் செய்தியை மூளைக்கு அனுப்பும் காங்கிலியன் செல்களில் 30 சதவீதத்துக்கும் மேல் அங்கேதான் நெருக்கியடித்து இருக்கின்றன. படிப்பதும் முகம் பார்ப்பதும் அந்தச் சிறு இடத்தை நம்பித்தான்.

எனவே டாக்டர் சொன்னபடி எடுத்துவிடுங்கள். கிளாக்கோமா நடுப்பார்வையைக் கடைசியில்தான் தொடும் என்று நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். அது சரியல்ல என்பது இப்போது தெளிவாகிவிட்டது. ஆரம்ப நிலையிலேயே தொடலாம்.

யாருக்கெல்லாம் 10-2 தேவை? எல்லோருக்குமே எடுத்துவிட்டால் என்ன?

எல்லோருக்கும் ஒருமுறையாவது எடுத்து அடிப்படைப் பதிவாக வைத்துக்கொள்வது நல்லது என்பதே எங்கள் கருத்து. நேரமும் ஆளும் போதாத இடத்தில் முன்னுரிமை கொடுத்துத்தான் ஆக வேண்டும். 24-2-இல் நடுவிலுள்ள 12 புள்ளிகளில் ஒன்று கறுப்பாகக் குறிக்கப்பட்டிருந்தாலும் எடுக்க வேண்டும். ‘ஒரே ஒரு புள்ளிதானே’ என்று விடக்கூடாத இடம் அது. விழித்திரையின் அடுக்குகளை ஒளியால் படம்பிடிக்கும் ஓசிடி ஸ்கேனில் மாக்குலாவின் காங்கிலியன் அடுக்கு மெலிந்திருப்பவர்கள், கண் நரம்புத் தட்டின் விளிம்பில் ரத்தக்கசிவு தெரிந்தவர்கள், கண் அழுத்தம் நார்மலாக இருந்தும் கிளாக்கோமா வந்தவர்கள், மற்றொரு கண்ணில் ஏற்கெனவே நடுப்பார்வை பாதிக்கப்பட்டவர்கள், படிப்பதில் சிரமம் சொல்பவர்கள் ஆகியோருக்கும் தள்ளிப்போடக்கூடாது. ஒற்றைத் தலைவலி, குறைந்த ரத்த அழுத்தம், தூக்கத்தில் மூச்சடைப்பு இருந்தால் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். நடுப்பார்வை முதலில் பாதிக்கப்படுவதோடு தொடர்புள்ளவையாக இவை பேசப்படுகின்றன.

‘24-2சி’ என்று இன்னொன்று உண்டு. வழக்கமான 54-உடன் நடுப்பகுதியில் 10 புள்ளிகளைக் கூடுதலாக வைப்பார்கள். ஒரே அமர்வில் இரண்டையும் ஓரளவு பார்த்துவிடலாம். ஆனால் நடுவில் பாதிப்பு உறுதியானபின் அதன் வடிவத்தையும் போக்கையும் கண்காணிக்க 68 புள்ளி வேண்டும், 10 போதாது.

பலகையில் கடைசி வரி வரை படிக்கிறேன், 6/6. அப்படியிருக்க நடுப்பார்வை எப்படிக் கெட்டிருக்க முடியும்?

எழுத்துப் பலகை சோதிப்பது மையத்தின் மையத்தை மட்டும். கறுப்பு எழுத்து, வெள்ளைப் பின்னணி, வேண்டிய நேரம் எல்லாம் கொடுத்து ‘படியுங்கள்’ என்கிறோம். மையப்புள்ளி தப்பியிருந்தால், அதிலிருந்து 2 டிகிரி தள்ளி இருட்டு இருந்தாலும் 6/6 வரும். போதாததற்கு ஒரு கண்ணில் மறைவதை மற்றொரு கண் ஈடுகட்டும். இரண்டிலும் ஒரே இடத்தில் மறைந்தால்கூட அங்கே கறுப்புத் திட்டு தெரியாது. சுற்றியிருப்பதை வைத்து மூளை நிரப்பிக்கொள்ளும். ‘மங்கல்’, ‘எழுத்து காணாமல் போகிறது’, ‘வரி தவறுகிறது’ என்றுதான் நோயாளிகள் சொல்வார்கள். அதைக் கண்ணாடி பவர் பிரச்சினை என்று எடுத்துக்கொண்டு மாதக்கணக்கில் காலம் போய்விடுவது உண்டு.

அம்மாவின் அறிக்கையில் எம்டி -4 என்று இருக்கிறது. -6 வரை ஆரம்ப நிலைதான் என்று படித்தேன். ஆனால் டாக்டர் ‘கவலைக்கிடமான இடத்தில் இருக்கிறது’ என்கிறார். எதை நம்புவது?

டாக்டரை நம்புங்கள். எம்டி (மீன் டீவியேஷன்) என்பது, அதே வயதுள்ள நார்மல் கண்ணைவிட எல்லாப் புள்ளிகளிலும் எவ்வளவு குறைகிறது என்பதன் ஒரு சராசரி. சராசரிக்கு இடம் தெரியாது.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். 24-2-இல் குருட்டுப்புள்ளியில் (கண் நரம்பு வெளியேறும், பார்வையே இல்லாத இடம்) விழும் இரண்டைக் கழித்தால் 52 புள்ளிகள். மையத்தை ஒட்டிய 3 புள்ளிகளில் ஒவ்வொன்றும் 20 டெசிபெல் (ஒளி உணர்திறனின் அலகு) இழந்துவிட்டது, மற்றதெல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்த இழப்பு 60. அதை 52-ஆல் வகுத்தால் 1-க்குச் சற்று மேல். இயந்திரம் போடும் கணக்கில் புள்ளிக்குப் புள்ளி எடை சற்று மாறும், ஆனாலும் எம்டி -1 சொச்சம்தான் காட்டும். படிக்கவே திணறும் ஒருவரின் அறிக்கை ‘-1’ என்று சாதுவாக இருக்கும்.

நீங்கள் படித்த -6, -12 எல்லைகள் உண்மையானவைதான். ஆனால் அதே தரப்பிரிப்பில் இன்னொரு விதியும் இருக்கிறது. மையத்திலிருந்து 5 டிகிரிக்குள் ஒரு புள்ளியாவது 15 டெசிபெல்லுக்குக் கீழே போனால் அது ஆரம்ப நிலை என்ற கணக்கில் வராது. அங்கே ஒரு புள்ளி 0-வைத் தொட்டால், எம்டி எதுவானாலும் தீவிர நிலை. பலரும் படிக்காமல் தாண்டிப் போவது இந்த விதியைத்தான்.

அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு இந்த வரிசையில் பாருங்கள். முதலில் பெயர், பிறந்த தேதி, எந்தக் கண், எந்த டெஸ்ட். பிறந்த தேதி தவறினால் தவறான வயதினரோடு ஒப்பிட்டுவிடும். அடுத்து நம்பகத்தன்மை எண்கள், அவற்றைப் பற்றிக் கீழே சொல்கிறோம். பிறகு எண்களால் ஆன படம். ஒவ்வொரு எண்ணும் அந்த இடத்தில் கண் உணர்ந்த மிக மங்கலான வெளிச்சத்தைச் சொல்கிறது. எண் பெரிதானால் பார்வை நல்லது. ஹம்ஃப்ரி இயந்திரத்தில் 0 என்பது அது காட்டக்கூடிய அதிகபட்ச வெளிச்சமான 10,000 அப்போஸ்டில்ப் (வெளிச்சத்தின் அலகு). 10 டெசிபெல் குறைந்தால், அங்கே 10 மடங்கு அதிக வெளிச்சம் தேவைப்படுகிறது என்று பொருள். வேறு நிறுவன இயந்திரத்தில் அதிகபட்ச வெளிச்சமே வேறாக இருக்கலாம். அதனால் இரண்டு இயந்திரங்களின் எண்களை நேருக்கு நேர் ஒப்பிடாதீர்கள்.

சாம்பல் நிறப் படத்தைப் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். புள்ளிகளுக்கு நடுவே உள்ள இடத்தை இயந்திரம் ஊகித்து நிரப்பியது அது. பார்க்க வேண்டியது ‘பேட்டர்ன் டீவியேஷன்’ என்ற கட்டம். கண்புரை போன்றவற்றால் மொத்தமாக மங்கியதைக் கழித்துவிட்டு, உள்ளூர்ப் பள்ளங்களை மட்டும் காட்டும். அதில் ஒன்றையொன்று ஒட்டிய 3 புள்ளிகள், கிடைக்கோட்டுக்கு ஒரே பக்கத்தில், 5 சதவீதக் குறியோடும் (நார்மல் கண்களில் நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவானவற்றிலேயே இவ்வளவு குறையும் என்று பொருள்), அவற்றில் ஒன்றாவது 1 சதவீதக் குறியோடும் இருந்து, அடுத்த டெஸ்ட்டிலும் அதே இடத்தில் வந்தால் அது உண்மையான பாதிப்பாக இருக்கவே வாய்ப்பு அதிகம். 24-2-இல் மேல்பாதியையும் கீழ்பாதியையும் ஐந்தைந்து பகுதிகளாகப் பிரித்து ஒப்பிடும் ‘ஹெமிஃபீல்டு டெஸ்ட்’ முடிவும் அச்சாகும். 10-2-இல் அந்த வசதி கிடையாது. புள்ளிகளைக் கண்ணால் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும்.

டெஸ்ட் என்றாலே படபடப்பு. பாதி நேரம் ஒன்றுமே தெரியவில்லை. பார்வை போய்விட்டதோ என்று பயந்து, தெரியாததற்கும் பட்டனை அழுத்திவிட்டேன். எப்படிச் சரியாகச் செய்வது?

ஒன்றுமே தெரியாத நேரம் இருப்பதுதான் இந்த டெஸ்ட்டின் இயல்பு. நல்ல கண்ணுக்கும் அப்படித்தான். ஒவ்வொரு இடத்திலும் வெளிச்சத்தைக் குறைத்துக் குறைத்து, தெரிவதும் தெரியாததும் சந்திக்கும் எல்லையைத் தேடுகிறது இயந்திரம். ஆகவே காட்டுவதில் பெரும்பங்கு, உங்களுக்குத் தெரியாத அளவுக்கு மங்கலாகத்தான் இருக்கும். இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் பாதி பேரின் பதற்றம் போய்விடும், ஆனால் பல இடங்களில் சொல்வதில்லை.

தெரியாததற்கு அழுத்துவது மட்டும் வேண்டாம். அப்படி அழுத்தினால் இருட்டான இடமும் நல்லதாகப் பதிவாகிவிடும். நோய் ஒளிந்துகொள்ளும், இழப்பு உங்களுக்கு.

நடைமுறை இதுதான். ஒரு கண்ணை மூடுவார்கள். மூடும் பட்டை இமையை அழுத்தக்கூடாது, அழுத்தினால் சொல்லுங்கள். நாற்காலியையும் மேசையையும் உங்கள் உயரத்துக்குச் சரிசெய்யச் சொல்லுங்கள். கழுத்தை நீட்டி உட்கார்ந்தால் மூன்றாவது நிமிடத்தில் தாடை தானாகப் பின்வாங்கும். நெற்றி பட்டையைத் தொட்டே இருக்க வேண்டும். நடுவிலுள்ள விளக்கை மட்டும் பாருங்கள், வெளிச்சப் புள்ளியைத் தேடிப் போகாதீர்கள். 10-2-இல் இது இன்னும் முக்கியம். புள்ளிகளுக்கு இடைவெளி 2 டிகிரிதான் என்பதால் கண் சற்று நகர்ந்தாலும் பக்கத்துப் புள்ளியின் விடை இந்தப் புள்ளியின் கணக்கில் விழும். ஒவ்வொரு புள்ளியும் 0.2 நொடிதான் ஒளிரும், துரத்திப் பிடிக்கவும் முடியாது.

இமைக்க வேண்டுமானால் இமைக்கலாம். பட்டனை அழுத்தும் நொடியிலேயே இமைத்துவிடுங்கள், எதையும் தவறவிட மாட்டீர்கள். இமைக்காமல் முறைத்துக்கொண்டே இருந்தால் கண் காய்ந்து நடுப்பகுதியே மங்கும். களைப்பாக இருந்தால் பட்டனை விடாமல் அழுத்திப் பிடியுங்கள். ஹம்ஃப்ரி இயந்திரம் அதுவரை நிற்கும், விட்டதும் தொடரும். இது தெரியாமல் கடைசி வரை சிரமப்பட்டுத் தவறான முடிவோடு எழுந்து போகிறவர்கள் நிறைய. முதல் டெஸ்ட் பழகுவதற்கே போய்விடும். அது மோசமாக வந்தால் திரும்ப எடுத்துப் பார்க்காமல் மருந்தைக் கூட்டச் சம்மதிக்காதீர்கள், அழுத்தம் மிக அதிகமாக இருந்தாலொழிய.

நான் கண் பரிசோதனைப் பயிற்சியில் இருக்கிறேன். 10-2 எடுக்கும்போது பிழை எங்கிருந்து வருகிறது, அறிக்கையில் அதை எப்படி அடையாளம் காண்பது?

முதல் பிழை லென்ஸ். வெளிச்சப் புள்ளிகள் விழும் இயந்திரக் கிண்ணத்தின் பரப்பு 30 செ.மீ. தூரத்தில் இருக்கிறது. நோயாளியின் தூரப் பார்வை பவரோடு வயதுக்கேற்ற கூடுதல் பவரைச் சேர்க்க வேண்டும். 60 வயதுக்கு மேல், அல்லது பாவையை விரிக்கும் மருந்து போட்டிருந்தால், +3.25. பிறந்த தேதியையும் தூரப் பவரையும் கொடுத்தால் இயந்திரமே கணக்கிடும். ஆனால் கண்புரை அறுவைக்கு முந்திய பழைய பவரைக் கொடுத்தால் அதுவும் தவறாகவே கணக்கிடும். 1 டயாப்டர் தவறினால் 1 டெசிபெல்லுக்குச் சற்று மேல் உணர்திறன் குறைந்து காட்டும். நடுப்பகுதியில் இது தெளிவாகத் தெரியும். சிலிண்டர் பவர் 1.25-ஐத் தொட்டால் சிலிண்டர் லென்ஸையே போடுங்கள். நோயாளியின் பைஃபோகல், புரோகிரஸிவ் கண்ணாடியோடு உட்காரவைக்கவே கூடாது. மெல்லிய விளிம்புள்ள லென்ஸ், இமைமுடி தொடாத அளவுக்குக் கண்ணுக்கு நெருக்கமாக, பாவை அதன் நடுவில். லென்ஸ் விளிம்பின் நிழல் 24-2-இன் ஓரப் புள்ளிகளில் வட்டமாக விழும். 10-2-இல் அது அவ்வளவாக எட்டாது.

இரண்டாவது, மேல் இமை. இமை சற்று இறங்கியிருந்தாலே மேல்புலம் கறுக்கும். 24-2-இல் மேல் விளிம்பில் படுக்கை வரிசையாக வந்தால் இமையைச் சந்தேகித்து, மெல்ல டேப் போட்டு உயர்த்தி மறுபடி எடுங்கள், இமைக்க இடம்விட்டு. மையத்தை ஒட்டி மேலே வரும் வில் வடிவத்தை மட்டும் இமையின் தலையில் கட்டிவிடாதீர்கள். கிளாக்கோமா வரும் இடமே அதுதான்.

மூன்றாவது, பார்வையை நிலைநிறுத்துதல். குருட்டுப்புள்ளி இருக்கும் இடத்தில், வெளிப்பக்கம் சுமார் 15 டிகிரியில், இயந்திரம் அவ்வப்போது வெளிச்சம் காட்டும். அதற்கும் பட்டன் அழுத்தினால் ‘ஃபிக்ஸேஷன் லாஸ்’ என்று எண்ணும். 20 சதவீதம் தாண்டினால் குறியிடும். ஆனால் தொடக்கத்தில் குருட்டுப்புள்ளியைத் தவறாகக் குறித்துக்கொண்டாலும், தலை சாய்ந்தாலும் இந்த எண் ஏறும். முதல் நிமிடத்திலேயே ஏறினால் டெஸ்ட்டை நிறுத்தி, தலையை நேராக்கி, குருட்டுப்புள்ளியை மறுபடி குறிக்கவையுங்கள். கீழே ஓடும் கண் அசைவுக் கோட்டையும் சேர்த்துப் பார்த்துத்தான் தீர்ப்பு.

‘ஃபால்ஸ் பாசிட்டிவ்’, அதாவது வெளிச்சம் தெரியாதபோதும் பட்டனை அழுத்துவது, 15 சதவீதத்தைத் தாண்டினால் அந்த அறிக்கையை நம்பவே வேண்டாம். 40-க்கு மேல் டெசிபெல் எண்கள், சாம்பல் படத்தில் வெளேரென்ற திட்டுகள், கூட்டல் குறியோடு எம்டி ஆகியவை அதன் அடையாளங்கள். ‘ஃபால்ஸ் நெகட்டிவ்’, அதாவது தெரிய வேண்டிய வெளிச்சத்துக்கும் அழுத்தாமல் விடுவது, அப்படியல்ல. பாதிக்கப்பட்ட இடங்களில் விடைகள் இயல்பாகவே மாறிமாறி வரும் என்பதால் நோய் முற்றியவரிடம் அது உயர்ந்தே இருக்கும். அதை மட்டும் வைத்து ‘நோயாளி ஒத்துழைக்கவில்லை’ என்று எழுதாதீர்கள். தொடக்கத்தில் சோதித்த நான்கு இடங்கள் மட்டும் பளிச்சென்று, மற்றவை கறுத்து, க்ளோவர் இலை வடிவம் வந்தால் நோயாளி பாதியில் களைத்துவிட்டார் என்று பொருள். இன்னொரு நாள் எடுங்கள்.

கடைசியாக, வடிவத்தைப் படிக்கப் பழகுங்கள். கிளாக்கோமாப் பாதிப்பு கிடைக்கோட்டில் வந்து நிற்கும். செங்குத்துக் கோட்டில், அதுவும் இரண்டு கண்ணிலும் ஒரே மாதிரி, வெட்டினாற்போல் நின்றால் பிரச்சினை கண்ணுக்குப் பின்னால் மூளைப் பாதையில் இருக்கலாம். உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். எந்தக் கோட்டையும் மதிக்காமல் நட்டநடுவில் இருட்டு, பார்வை அளவும் குறைவு என்றால் மாக்குலா நோயைத் தேட வேண்டும்.

ஆறு மாதத்தில் எம்டி -5-இலிருந்து -7 ஆகிவிட்டது. நோய் வேகமாக முற்றுகிறதா?

இரண்டு டெஸ்ட்டை வைத்துச் சொல்ல முடியாது. ஒரே வாரத்தில் இரண்டு முறை எடுத்தாலும் இந்த எண் மாறும். இடையில் கண்புரை வளர்ந்திருக்கலாம், லென்ஸ் மாறியிருக்கலாம். ஒரு மாதம் இரண்டு மாதத்துக்குள் திரும்ப எடுத்து, அதே புள்ளிகள்தான் இறங்கியிருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். இயந்திரத்தின் ஒப்பீட்டு மென்பொருளும், அடிப்படையாக இரண்டு டெஸ்ட்டை வைத்துக்கொண்டு, குறைந்தது 3 புள்ளிகள் அடுத்தடுத்த மூன்று டெஸ்ட்டில் தொடர்ந்து இறங்கியிருந்தால்தான் ‘முற்றியிருக்கவே வாய்ப்பு அதிகம்’ என்று சொல்லும். அதனால்தான் புதிதாக நோய் கண்டவர்களுக்கு முதல் இரண்டு வருடத்தில் ஆறு டெஸ்ட் வரை எடுக்க ஐரோப்பிய கிளாக்கோமா சங்கத்தின் வழிகாட்டி பரிந்துரைத்தது. வருடத்துக்கு ஒன்று என்று போனால், வேகமாக இழப்பவரை அடையாளம் காணவே வருடங்கள் ஓடிவிடும். நடுப்பார்வை பாதிக்கப்பட்டவருக்கு 24-2, 10-2 இரண்டையும் மாற்றி மாற்றி எடுப்பது ஒரு நல்ல வழி. ஆனால் 10-2-ஐ 10-2-உடன் மட்டுமே ஒப்பிட வேண்டும்.

வீட்டிலேயே கட்டம் போட்ட தாளை வைத்துச் சோதித்துக்கொள்ளலாமா?

ஆம்ஸ்லர் தாளைச் சொல்கிறீர்கள். 10 செ.மீ. சதுரம், 5 மி.மீ. கட்டங்கள். 30 செ.மீ. தூரத்தில் பிடித்தால் ஒரு கட்டம் ஏறக்குறைய 1 டிகிரி, ஆக முழுத் தாளும் 10-2 சோதிக்கும் அதே பகுதி. படிக்கும் கண்ணாடியோடு, ஒவ்வொரு கண்ணாக, நடுப்புள்ளியை மட்டும் பார்த்து, கோடுகள் மங்கும் அல்லது மறையும் இடத்தைப் பேனாவால் வட்டமிடுங்கள். ஒரே இடம் திரும்பத் திரும்ப வந்தால் அந்தத் தாளை மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள், உதவும். எல்லாம் தெளிவாக இருந்தால் அதை நம்பி டெஸ்ட்டைத் தள்ளிப்போடாதீர்கள். ஆழமில்லாத இழப்பை இந்தத் தாள் தவறவிடும்.

மூட்டுவாதத்துக்கு ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் சாப்பிடுகிறேன். எனக்கும் 10-2 எடுத்தார்கள். அப்படியானால் கிளாக்கோமாவா?

இல்லை. அந்த மாத்திரை மாக்குலாவைப் பாதிக்கிறதா என்று பார்க்கவும் இதே டெஸ்ட்தான். அது மையத்தைச் சுற்றி வளையம் போல, 2 முதல் 6 டிகிரியில் வரும், கிடைக்கோட்டை மதிக்காது. ஆசிய வம்சாவளியினருக்கு வளையம் இன்னும் வெளியே தள்ளி வருவதுண்டு என்பதால் 24-2 அல்லது 30 டிகிரி வரை சோதிக்கும் 30-2-வும் சேர்த்து எடுப்பது முறை. சாப்பிடத் தொடங்கிய முதல் வருடத்துக்குள் ஒரு பதிவு, வேறு ஆபத்துக் காரணிகள் இல்லையென்றால் ஐந்து வருடத்துக்குப் பிறகு ஆண்டுதோறும்.

அப்பாவுக்கு 24-2 முழுவதும் கறுப்பு, நடுவில் மட்டும் கொஞ்சம் மிச்சம். அறுவை சிகிச்சை செய்யலாம் என்கிறார்கள். இனி ஃபீல்டு டெஸ்ட் எடுத்து என்ன பயன்?

இப்போதுதான் 10-2 மிக அவசியம். 24-2-இல் அவருக்கு மிச்சமிருப்பது இரண்டு மூன்று புள்ளியாக இருக்கும். அதில் ஏற்ற இறக்கம் எதையும் கண்டுபிடிக்க முடியாது. 10-2-இல் அதே தீவில் பத்து இருபது புள்ளிகள் கிடைக்கலாம். அவை ஒவ்வொன்றும் இறங்குகிறதா, நிற்கிறதா என்று பின்தொடரலாம். வழக்கமான புள்ளிக்கு விடைகள் 15 டெசிபெல்லுக்குக் கீழே போனால் நிலையில்லாமல் தாவும். அந்த நிலையில் ‘சைஸ் 5’ புள்ளியைக் கேளுங்கள். அதன் பரப்பு வழக்கமான ‘சைஸ் 3’-ஐப் போல 16 மடங்கு, விடையும் நிலையாக வரும். பல இயந்திரங்களில் இதற்கு நார்மல் ஒப்பீடு அச்சாகாது, அவருடைய முந்தைய எண்களோடுதான் ஒப்பிட வேண்டும். நடு விளக்கு தெரியவில்லை என்றால் வைர வடிவில் நான்கு விளக்குகளை எரியவிட்டு அவற்றின் நடுவைப் பார்க்கச் சொல்வார்கள். மையப்புள்ளியின் உணர்திறனைத் தனியாக அளக்கும் தேர்வையும் போடச் சொல்லுங்கள்.

அறுவைக்கு முன் இந்தப் பதிவு கண்டிப்பாக இருக்க வேண்டும். இருட்டு மையத்தைப் பிளந்து நிற்கும் கண்களில், அறுவைக்குப் பிறகு மிச்ச நடுப்பார்வையும் போய்விடும் ஆபத்து உண்டு. அரிதுதான், ஆனாலும் அதை அறுவைக்கு முன்பே மருத்துவரோடு பேசுங்கள். அதற்குப் பயந்து, அழுத்தம் குறையாத கண்ணை அப்படியே விட்டால் இழப்பு நிச்சயம் என்பதையும் அதே பேச்சில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

எண்பது வயதுப் பாட்டிக்குக் கை நடுங்குகிறது, நிமிர்ந்து உட்கார முடியவில்லை. டெஸ்ட்டை விட்டுவிடலாமா?

விட்டுவிடுவதற்கு முன் சில வழிகளை முயலலாம். ஒரு வருகைக்கு ஒரு கண் போதும். ‘சீட்டா ஃபாஸ்டர்’ முறையில் 24-2 ஒரு கண்ணுக்குச் சுமார் 2 நிமிடத்தில் முடியும், ‘சீட்டா ஸ்டாண்டர்டு’ போல 5 நிமிடத்துக்கு மேல் ஆகாது. பட்டனை அழுத்தக் கை ஒத்துழைக்காவிட்டால், பாட்டி ‘ம்’ என்று சொல்லச் சொல்ல உதவியாளர் அழுத்தலாம். அதில் சற்றுத் தாமதம் வரும், அதை அறிக்கையில் எழுதிவைக்க வேண்டும். காலை வேளையில், சாப்பிட்டபின், சொட்டு மருந்து போட்ட எரிச்சல் அடங்கியபின் எடுங்கள். இதுவும் நடக்கவில்லை என்றால் மாக்குலாவுக்கும் கண் நரம்புக்கும் ஓசிடி ஸ்கேனை வைத்துக் கண்காணிப்பார்கள். அத்துடன் மருத்துவர் எதிரே உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடவைத்து, சிவப்பு மூடி ஒன்றை மையத்துக்கு மேலும் கீழும் மாற்றிக் காட்டி, எந்தப் பக்கம் நிறம் வெளிறித் தெரிகிறது என்று கேட்கலாம். அந்த விடையை ஒவ்வொரு வருகையிலும் தேதியோடு குறித்துவைக்கச் சொல்லுங்கள்.